லாக்கில் நின்ற படகு

நைனாவின் தோல்பை இப்போது என்னிடம் இருக்கிறது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது முதலில் அதன் உள்ளே பார்க்கிறேன். நான் வைத்த புத்தகங்கள்தாம் இருக்கும் என்று தெரியும். ஆனாலும் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் ஒரு படகில் வந்தது.

என் அப்பா நைனா ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கின் மேஸ்திரி. எந்தத் தோல் வந்தாலும் அதன் மினுக்கான மேற்புறத்தை நம்பமாட்டார். திருப்பிப்போட்டு, உரித்தவனின் கத்தி எங்கே பட்டிருக்கிறது என்று உட்புறத்தைத் தடவிப் பார்ப்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவள் நான்; ஆனால் இந்தத் திருப்பிப் பார்க்கும் புத்தி பள்ளிக்கூடம் தந்ததன்று.

எட்டாம் வகுப்பு தேறி, உபாத்தியாயினிப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தக் கோடையில், கடற்கரைப் பக்கம் தோல் பதனிட ஆவாரம்பட்டை பார்க்கப் போவதாகவும், அம்மாவும் நானும் கூட வரலாம் என்றும் நைனா சொன்னார். வேலூர் தாண்டி எங்களை அழைத்துப் போயிராத மனிதர். ரயிலில் பட்டணம் வந்து, பக்கிங்காம் கால்வாயில் ஓலைக் கூரை போட்ட படகொன்றில் ஏறினோம். கரையில் இருவர் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து நடந்தார்கள். சவுக்குத் தோப்பும் உப்பளமும் மெல்ல நகர்ந்தன. எனக்கு எதுவும் ரசிக்கவில்லை. பார்க்க ஆளில்லாத இடத்தில் அம்மா எனக்கு இழுத்துப் பின்னிப் பூவைத்தாள். நைனாவோ மடியிலிருந்த பையைக் கீழே வைக்கவே இல்லை. என்ன என்று கேட்டேன். மாதிரிக்கு எடுத்த பட்டை என்றார். பட்டை சந்தனமாக மணக்காது.

தண்ணீர் மட்டம் சரியாகும்வரை படகுகள் நிற்கும் லாக்கு ஒன்றில் காத்திருந்தோம். கதவு திறந்தது. பின்னால் நின்ற இரண்டு படகுகள் எங்களைத் தாண்டிப் போயின. நாங்கள் மட்டும் நின்றோம். படகுக்காரர் நைனாவைப் பார்த்தார். நைனா கரையைப் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சற்று நேரத்தில் பேரணாம்பட்டுத் தோல் வியாபாரி ஒருவரும், அவர் மனைவியும், மகனும் என்னைப் பெண்பார்க்க ஏறினார்கள்.

நைனா என்னைப் படகின் முன்புற அணியத்துக்கு அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். "வூட்ல பாத்து நீ வேணாம்னா தெருவே பேசும். இங்க யாருக்குத் தெரியும்? இஷ்டமில்லன்னா சொல்லு, அடுத்த லாக்குல எறங்கிப் போய்டுவாங்க."

அதையும் திருப்பிப் பார்த்தேன். வீடென்றால் நான் எழுந்து போய்விடலாம். சுற்றிலும் தண்ணீர் உள்ள இடத்தில் எங்கே போவது?

பையன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா என் விரல்களிலிருந்த மசிக்கறையைப் பார்த்து, "கையெழுத்துப் போட வருது இல்ல, அது போதும். இனிமே இன்னாத்துக்குப் படிப்பு?" என்றாள்.

"வாத்திச்சி ஆகறதுக்கு. பயிற்சிக்கு எடம் கெடச்சிருக்கு, நான் போறேன்" என்றேன்.

அடுத்த லாக்கு வந்ததும் மூவரும் எழுந்தார்கள். அவர்கள் இறங்கிய பிறகு, நைனா பையைத் திறந்து நிச்சயதார்த்தத் தேங்காயை எடுத்துப் படகுக்காரரிடம் நீட்டினார். அன்று அதை அரைத்து ஊற்றி மீன்குழம்பு வைத்தார்கள். "சம்பந்தம் பூட்ச்சி, கொழம்பு வந்துச்சு" என்று படகுக்காரர் சிரித்தார். அம்மா சாப்பிடவில்லை. நைனா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நான் பயிற்சிக்குப் புறப்பட்ட நாளில் இந்தப் பையைக் கொடுத்தார். கொடுக்குமுன், கிடங்கில் தோலைத் திருப்புவதுபோல் அதன் உட்புறத்தை வெளியே இழுத்துக் காட்டி, "பாத்துக்கோ, ஒண்ணுமில்ல" என்றார்.

வேண்டாமென்று சொல்ல இடம் தந்தாரா, ஓடமுடியாத இடத்தில் உட்காரவைத்தாரா என்று நான் கேட்டதில்லை. இனிக் கேட்க அவர் இல்லை. இன்று காலையும் பையைத் திறந்து பார்த்தேன். புத்தகங்கள்தாம் இருந்தன. அடியில் இன்னும் கொஞ்சம் சந்தனம் மணக்கிறது.