எட்டெட்டாக விற்ற பேரிங்

அந்தப் பேரிங் கடையில் அவளுக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் மெக்கானிக் ஒருவர் எப்போதோ ஒரு பழைய பேரிங்கை நீட்டி, "இதே மாதிரி ஒண்ணு குடும்மா" என்றாராம். அவள் அதைக் காதோரம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது தேஞ்சு போச்சு. உங்க ஷாஃப்ட்டும் ஒரு பத்து மைக்ரான் தேஞ்சிருக்கும், அதையும் பாத்துடுங்க" என்றாளாம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவர் போய் அந்தத் தண்டை அளந்து பார்த்தால் பன்னிரண்டு. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. இரண்டு மைக்ரான் தவறிவிட்டதே என்று அவளுக்கு மட்டும் இன்னும் ஒரு குறை உண்டு.

ஆனால் பேரிங்கைக் காதில் வைத்துக் கேட்கிற காலம் மலையேறிக்கொண்டிருந்தது. ஆலைகள் எல்லாம் கம்பெனிக்கே நேராக ஆர்டர் போட ஆரம்பித்துவிட்டன. கடைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போய், மதியத்துக்கு மேல் அவள் ஈ ஓட்டுகிற நிலைமைக்கு வந்தாகிவிட்டது. பெரிய முதலாளி போன பிறகு கடையைப் பார்த்துக்கொண்ட மகன் நல்ல பிள்ளைதான். இருந்தாலும் எத்தனை நாள்தான் பொறுப்பான்? ஒருநாள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. முன் பக்கத்த செல்போன் கடைக்காரர் ஒருத்தர் வாடகைக்குக் கேக்கிறார். நாம குடோன மட்டும் வச்சுக்கலாம்னு பாக்கிறேன்."

"குடோன்ல நான் என்ன தம்பி பண்றது?"

குடோனைப் பார்த்துக்கொள்ள அவன் மச்சான் இருந்தான். நாற்பத்தொன்பது வயதில் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை இது. வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கணவர் தண்ணீர்த் தொட்டி நிலையத்தில் பம்பு ஓட்டுகிறார். ஆனால் காலையில் எட்டரைக்கு இந்த ஷட்டரைத் தூக்காவிட்டால் தான் யார் என்பதே தனக்கு மறந்துபோய்விடும் என்று அவள் நிஜமாகவே பயந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். இரண்டு முழங்காலிலும் பொருக்குத் தட்டிய காயம், கக்கத்தில் நாலு சக்கரம் வைத்த பலகை. அறுநூற்றெட்டாம் நம்பர் பேரிங் எட்டு வேண்டும் என்றாள். சின்னக் கிரைண்டர் மோட்டாருக்குப் போடுகிற பேரிங் அது, ஒரு மோட்டாருக்கு இரண்டு போதும்.

"நாலு மோட்டாராம்மா?"

"மோட்டார் இல்ல ஆன்ட்டி, ஸ்கேட்போர்டு. ஒரு சக்கரத்துக்கு ரெண்டு."

ஆன்ட்டி என்றதை மைக்ரான் ரசிக்கவில்லை. இருந்தாலும் உள்ளதிலேயே உசத்தியான சரக்கை, இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டு, கெட்டி கிரீஸ் நிரப்பியதை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அதே பெண் வாசல் படியில் உட்கார்ந்து குண்டூசியால் அந்த மூடிகளை நெம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய். புத்தம்புது கிரீஸ் அதில் கரைந்து மிதந்துகொண்டிருந்தது. மைக்ரான் படிக்கே இறங்கி வந்துவிட்டாள்.

"என்னம்மா இது அநியாயம்? மூடியக் கழட்டினா தூசி போகும், தண்ணி போகும். ரெண்டு மாசத்துல துருப்பிடிச்சுடும்."

"பரவால்லக்கா. கிரீஸ் இருந்தா ஓடவே மாட்டேங்குது." ஆன்ட்டி இப்போது அக்கா ஆகியிருந்தாள். அந்தப் பெண் கழுவிய பேரிங்கில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுச் சுண்டினாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கையில சுத்தறது பெரிய விஷயமில்ல, பாரத்துல சுத்தணும்" என்றாள் மைக்ரான் விறைப்பாக.

"அப்ப வந்து பாருங்க."

தெருக்கோடியில் மூடிக் கிடந்த பழைய பஸ் டிப்போ. அதன் சிமெண்ட் தரையில் முப்பது நாற்பது பேர் பலகையில் பறந்துகொண்டிருந்தார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. இவர்களில் பாதிப் பேரைத் தெருவில் பார்த்தால் அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்திருப்பாள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தாவலுக்கும் அந்தச் சின்னப் பேரிங் வாங்குகிற அடியைப் பார்த்ததும் அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். கிரைண்டரில் பத்து வருடம் உழைக்கிற பேரிங் இங்கே பத்து வாரம் தாங்கினால் அதிகம்.

அதற்குப் பிறகு தெருவையே அவள் வேறு கண்ணால் பார்த்தாள். பலகையின் மேலே கால் வழுக்காமல் இருக்க ஒட்டுகிற உப்புத்தாள் எதிர்த்த ஹார்டுவேர் கடையில் சுருள் சுருளாகப் போய்க்கொண்டிருந்தது. பிளைவுட் கடைக்காரர் வெட்டி மிச்சமான துண்டுகளைச் சும்மா தூக்கிப் போடுவதை நிறுத்திவிட்டார், அதில் தாவு மேடை செய்கிறார்களாம். மருந்துக் கடைக்காரர் பஞ்சையும் பிளாஸ்திரியையும் முன் கண்ணாடிக்கே கொண்டுவந்துவிட்டார். கண் கொத்திப் பாம்பாக வியாபாரம் பார்க்கிற பேரிங் கடைதான் கடைசியில் விழித்தது.

அவள் முதலாளியிடம் போனாள். "தம்பி, மூடி இல்லாம, லேசா எண்ணெய் மட்டும் போட்டு ஒரு சரக்கு இருக்கு. அத வரவழைங்க. ரெண்டாயிரம் உருப்படிக்குக் கீழ தரமாட்டாங்க."

"ரெண்டாயிரமா? அக்கா, விளையாட்டுப் பசங்கள நம்பியா?"

"என்னை நம்புங்க."

அவன் ஒரு நிபந்தனை போட்டான். சரக்கு வருகிற மாதக் கடைசிக்குள் பாதி விற்றால் கடை கடையாகவே இருக்கும், இல்லாவிட்டால் முன் பக்கம் செல்போன்காரருக்கு. அதுதான் பேச்சு. அவள் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

சரக்கு ஒன்றாம் தேதி இறங்கியது. எட்டெட்டாக எண்ணெய்த் தாளில் மடித்து அடுக்கினாள். முதல் எட்டு நாள் கை ஓயவில்லை. ஐம்பது மடிப்பு போயிற்று, பாதிக்கு நூற்றிருபத்தைந்து போக வேண்டும். வீட்டில் கணவரிடம் அவள் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஒன்பதாம் தேதி காலையில் மழை பிடித்துக்கொண்டது.

முதல் நாள் அவள் கவலைப்படவில்லை. நாலாம் நாளும் ஒருவரும் எட்டிப் பார்க்காதபோது குடையை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். காலி. தரையில் கணுக்கால் ஆழம் தண்ணீர் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வியர்த்த கையால் பேரிங்கைத் தொடாதே, ஈரம் ஆகாது என்று இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் அவள். மழையில் எவனாவது பேரிங்கில் ஏறி ஓடுவானா என்று ஆர்டர் போடுகிற அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம் அந்தத் தப்பை, ஒரு பேரிங்காரி செய்யலாமா? வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

மழை விடுகிற வழியாக இல்லை. பதினைந்து, இருபது, இருபத்தைந்து. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் அவளை அரித்தது. இரவில் அவள் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துக் கணவர், "நான் தண்ணி ஏத்தற ஆளு, நிறுத்தற ஆளு இல்ல. இல்லன்னா உனக்காக இந்த மழைய மூடியிருப்பேன்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வேலை போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். மனம் தேறுவதாக இல்லை.

இருபத்தேழாம் தேதி வெயில் வந்தது. கடைக்கு யாரும் வரவில்லை. தரை காய வேண்டுமே, இன்னும் நாலு நாளாவது ஆகும் என்று அவள் கணக்குப் பார்த்தாள். அதற்குள் மாதம் முடிந்துவிடும். மத்தியானம் அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு சத்தம் கேட்டது. கீச்சென்று, பல்லைக் கூசவைக்கிற சத்தம். வேறு யாராவது காதைப் பொத்தியிருப்பார்கள். அவள் துணியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தண்ணீர் குடித்த பேரிங்கின் சத்தம் அது. ஒன்றல்ல, இருபது பலகைகள் கதறிக்கொண்டு வந்தன.

முன்னால் வந்தவள் முழங்கால் காயக்காரி. இடுப்புவரை சேறு.

"அக்கா, எல்லாம் மாட்டிக்கிச்சு. எட்டு குடுங்க."

"தரை காயறதுக்குள்ள எவளாவது எறங்குவாளா?"

"பதினெட்டு நாள் ஆச்சுக்கா. இதுக்கு மேல எப்படி இருக்கறது?"

பேரிங்கைக் காப்பாற்றத் தெரிந்த மைக்ரானுக்கு இந்தப் பொறுக்கமாட்டாத வயதைக் கணக்கில் சேர்க்கத் தெரிந்திருக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு மடிப்பு. மறுநாள் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள், அங்கேயும் இதே அவசரம், இதே துரு. முப்பதாம் தேதி பதினொரு மணிக்குப் பாதி தாண்டியாகிவிட்டது. அப்போதுதான் முதலாளி செல்போன் கடைக்காரரோடு வந்தான். அவர் கையில் அளவு டேப்.

வாசலை மறித்துக்கொண்டு நின்ற கூட்டத்தை விலக்கி உள்ளே வரவே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மைக்ரான் நோட்டை நீட்டினாள். முதலாளி பார்த்தான், முகம் மலர்ந்தான். செல்போன்காரரோ நோட்டைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தார்.

"இவ்வளவு சின்னப் பசங்க வர்ற இடமா இது? சொல்லவே இல்லயே சார். நான் சொன்ன வாடகைய ஒண்ணரை மடங்கு ஆக்கிக்கலாம். இன்னிக்கே அட்வான்ஸ் தர்றேன்."

முதலாளி நோட்டை மூடினான். ஜெயித்ததே தோற்பதற்கு வழியாகிவிட்டது. ஒன்றரை மடங்கு என்றால் எந்த வாக்கும் ஆட்டம் காணும், அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் கெஞ்சவில்லை. கையிலிருந்த மடிப்பை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"சார், இவங்க யாரும் இந்தச் செவுத்தப் பாக்க வரல. பேரிங்குக்கு வர்றாங்க. நான் டிப்போகிட்ட ஒரு மேஜை போட்டு உக்காந்தா நாளைக்கே அங்க வந்துடுவாங்க. நீங்க காலி எடத்துக்கு ஒண்ணரை மடங்கு குடுப்பீங்க."

முழங்கால் காயக்காரி பின்னாலிருந்து, "ஆமா சார், மேஜைகூட வேணாம்" என்றாள்.

செல்போன்காரர் வியாபாரி அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டார். பக்கத்துக் கடை ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அது யாருடையது என்று விசாரித்துக்கொண்டு டேப்போடு வெளியே போனார். முதலாளி அவர் போன திசையைப் பார்த்தான், நோட்டை இன்னொரு தடவை பார்த்தான்.

"மிச்சம் எத்தன நாள் வரும்க்கா?"

"இந்த வேகத்துல போனா மூணு வாரம்."

"அப்ப அடுத்த ரெண்டாயிரத்துக்கு இப்பவே சொல்லிடுங்க. கையெழுத்து நான் போடறேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பின்கட்டுக்குப் போய், அலமாரிக்கு நடுவே பெட்டி மேல் உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததும் கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. அந்தப் பக்கம் அவர் பதறிப்போனார்.

"என்ன ஆச்சு? அழறியா? சொல்லித் தொலையேன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க" என்றாள் மைக்ரான். "ஒண்ணுமே ஆகல."