கோமதிக்குக் கால் எரிந்தது உண்மை

பிப்ரவரியில் ஒரு காலை, ஆய்வுக்கூடத்தில் மாணவிகளுக்கு அமிலம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது கோமதியின் மகள் அழைத்தாள். “ஆன்ட்டி, அம்மா போயிட்டா. இன்ஃபெக்ஷன் ப்ளட்ல போயிடுச்சாம்.” நான் கையுறையைக் கழற்றுவதற்குள் நம் டெல்லி துவாரகா தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் செய்தி வந்துவிட்டது: “அன்புச் சகோதரி கோமதிக்கு நம் சங்க மலரில் அஞ்சலி நானே எழுதுகிறேன்.” அந்த ஒரு காரியம் மட்டும் நடக்கக் கூடாது என்று கோமதி என்னிடம் சொல்லியிருந்தாள்.

அமைச்சக அலுவலகத்தில் பிரிவு அதிகாரியாக இருந்த கோமதியை உங்களில் பலருக்கு உரத்த சிரிப்பாகத்தான் தெரியும். எனக்கு அவள் பதினைந்து வருட மெட்ரோத் துணை. ஒரு நாள் பெட்டிக்குள் ஏறி நின்ற பிறகு, பின்னாலிருந்து ஒரு பெண், “ஆன்ட்டிஜி, சப்பல்!” என்று கத்தினாள். கோமதியின் ஒரு செருப்பு நடைமேடையிலேயே கிடந்தது. கதவு மூடியது. அவள் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்து, “ஏட்டி, கழண்டதே தெரியல” என்றாள். அன்று மட்டும் அவள் சிரிக்கவில்லை.

அதற்கு வெகுநாள் முன்பே கால் எரிச்சல் தொடங்கியிருந்தது. நம் தலைவர் ஓய்வுபெற்ற மருத்துவர். மாதம் ஒரு ஞாயிறு சங்க அறையில் இலவசமாகப் பார்ப்பார். சர்க்கரை இல்லை, வைட்டமின் குறைவு இல்லை என்று பரிசோதனைத் தாளைப் புரட்டிவிட்டு, “மனசுதாம்மா. டெல்லிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் சோறா? மூணு வேளையும் சப்பாத்திக்கு மாறுங்க” என்றார். அவள், “எரியுது டாக்டர்” என்றாள். அவர் வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, “கோமதியம்மா காலுக்குக் கற்பூரம் ஏத்தியிருக்காங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பொங்கல் விழாவிலும் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

நான்கு வருடம் சப்பாத்தி சாப்பிட்டாள். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே, சோற்றைக் குற்றவாளியாக்கிவிட்டுக் கோதுமையை மருந்தாக விழுங்குகிறோம். அவளுக்கு எரிச்சல் முழங்கால்வரை ஏறியது, பாதம் மரத்தது. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில் இளம் நரம்பியல் மருத்துவர் ஒருத்தி, யாரும் கேட்காததைக் கேட்டாள்: “கானே மே க்யா லேதீ ஹைன்?” சாப்பாட்டுக்கு என்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்று. பிறகு ரத்தப் பரிசோதனை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாமலே கை கால் நரம்புகளை அது பாதிக்கக்கூடும், உங்களுக்கும் அதுவாக இருக்கலாம் என்றாள். இருக்கலாம் என்றுதான் சொன்னாள்.

நான் நம்பவில்லை. குளூட்டன் என்பது பெரிய கடைகளில் விற்கும் நாகரிகம் என்று எண்ணியிருந்தேன். கோமதியிடமே அதைச் சொன்னேன். குற்றப் பட்டியலில் என் பெயரும் இருக்கட்டும். கோதுமையை விட்டு எட்டு மாதத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மரத்த பாதம் மீளவில்லை. ஒருத்திக்குக் குறைந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று இன்றும் சொல்வேன். ஆனால் தெரியாது என்பது வேறு, தேட மறுப்பது வேறு.

அந்த அறிக்கையைக் கோமதி தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கையில்கூட வாங்கவில்லை. “பஞ்சாப் பூரா கோதுமைதான் தின்கிறான். எவனுக்குக் கால் மரத்துச்சு?” என்றார். படியிறங்கும்போது கோமதி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நான் செத்தா இந்த ஆளு எனக்கு நல்ல வார்த்தை எழுதப்படாது. நீ பாத்துக்கோ.”

இந்தக் குளிரில் அறை ஹீட்டரின் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாளாம். காலுறை கருகும் வாசனை வந்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. புண் ஆறவில்லை, சீழ் ரத்தத்தில் கலந்தது. கோதுமைதான் அவளைக் கொன்றது என்று நான் எழுதமாட்டேன். அவள் எரிகிறது என்று சொன்னபோது ஓர் அறை முழுக்கச் சிரித்தது என்பதை எழுதுவேன்.

மலரின் இந்த அஞ்சலிப் பக்கத்தை எனக்குத் தரும்படி கேட்டுத் தலைவரின் வீட்டுக்குப் போனேன். சந்தோஷமாகக் கொடுத்தார். “நீங்க புரொஃபசர், நல்லா எழுதுவீங்க. முதல்ல அவங்களைப் பார்த்தது நான்தான்னு ஒரு வரி சேர்த்துடுங்க” என்றார். அச்சுக்குப் போகுமுன் படித்துக் காட்டவா என்று கேட்டேன். “சேச்சே, உங்க எழுத்தை நான் திருத்துறதா?”

ஆகவே சேர்க்கிறேன். கோமதியை முதலில் பார்த்தவர் நம் சங்கத் தலைவர்தான்.

அவள் சேலைகளை மகள் எடுத்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்தது அவளுடைய கோபம். அதைத் தணித்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.