அரைச்சுரம் இறங்கும் குழு

1958 மே மாதம் ஏனோக் த்வைட்டுக்கு அறுபத்தேழு வயது. யார்க்‌ஷயரின் கம்பளி ஆலை ஊரான கிராக்தார்ப்பில் அவர் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார், சேப்பல் எனும் சிறு தேவாலயத்தின் பாடகர் குழுத் தலைவர், மிச்ச நேரத்தில் இசையமைப்பாளர். அச்சான அவருடைய கீதங்களில் பெரும்பாலானவை சுற்றுவட்டாரச் சேப்பல்களில் ஒருமுறை பாடப்பட்டு அலமாரிக்குப் போயின. குழுப் பயிற்சியாளர்களுக்காக எழுதிய சிறுநூல் மட்டும் தொடர்ந்து விற்றது. ஆர்கன் துணையின்றிப் பாடும்போது சுருதி இறங்காமல் காப்பது எப்படி என்ற அத்தியாயத்துக்காகவே அதை வாங்கினார்கள்.

அவருடைய சொந்தக் குழு இறங்கும்.

பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கான புதிய கீதமே கடைசி என்று முடிவு செய்திருந்தார். நின்றபடி கையசைத்துக் குழுவை நடத்த முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நடுச் சரணத்தைக் குழு தனியாகப் பாட வேண்டும். கடைசிச் சரணத்தில் ஆர்கன் சேரும். அந்த இடத்தை எழுதியபடி ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் குழு அங்கே வருவதற்குள் அரைச்சுரம் இறங்கியிருக்கும். ஆர்கன் சேர்ந்ததும் பல் கூசும்.

"உன் புஸ்தகத்தை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டேன்," என்றார் ஆர்கன் வாசிக்கும் கிளெமென்ட் லம்ப்.

"பாதிப் பேர் வாங்கியிருக்காங்க. காசு போச்சுன்னு என்னையே திட்டுறாங்க."

இழுத்து இறக்குவது யார் குரல் என்பது ஊருக்கே தெரியும். ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை ஒத்திகை முடிந்ததும், அந்தக் குரலுக்குரிய மிஸஸ் பாக்சனே வந்து கேட்டார். கணவர் இறந்த பிறகும் ஒரு ஒத்திகையைத் தவறவிடாத பெண்மணி.

"நான் ஞாயித்துக்கிழமை பாடாம கீழ சபையோட உக்காந்துக்கட்டுமா, மிஸ்டர் த்வைட்? நீங்க சொல்ல மாட்டீங்க, அதான் நானே கேக்குறேன்."

ஏனோக் கோட்டைப் போட்டுக்கொண்டார். இரண்டாவது கை உள்ளே போகச் சற்று நேரம் பிடித்தது.

"வேணாம். உங்க இடத்துலயே நில்லுங்க."

வீட்டுக்குப் போய்க் கடைசிச் சரணத்தின் ஆர்கன் பகுதியை அரைச்சுரம் தாழ்த்தி வேறொரு தாளில் எழுதினார். பார்த்த மாத்திரத்தில் சுருதி மாற்றி வாசிக்க கிளெமென்ட்டுக்கு வராது. மறுநாள் தாளை அவரிடம் கொடுத்தார்.

"ரெண்டையும் முன்னால வச்சுக்க. காதால கேட்டுட்டு எடுத்துக்க."

"இதை உன் புஸ்தகத்துல சேக்கப் போறியா?"

"வாயை மூடிக்கிட்டு வாசி, கிளெமென்ட்."

வாயை மூடுவது கிளெமென்ட்டுக்கு வழக்கமில்லை. சனிக்கிழமைக்குள் இரண்டாவது தாள் விஷயம் மிஸஸ் பாக்சனை எட்டிவிட்டது.

ஞாயிறன்று மிஸஸ் பாக்சன் தாடையை நிமிர்த்தி, கூரையை முறைத்தபடி பாடினார். சுற்றியிருந்தவர்களும் அவருடன் விறைத்துக்கொண்டார்கள். நடுச் சரணம் முடிந்தபோது கிளெமென்ட்டின் கை இரண்டாவது தாளை நோக்கிப் போய், சுருதி இறங்கவில்லை என்று காது சொல்ல நின்று, முதல் தாளுக்கே திரும்பியது. ஆர்கன் சேர்ந்தது. ஒட்டுத் தெரியவில்லை.

பிறகு பன்றித்தொடைக் கறியும் தேநீருமாய்க் கூடம் இரைந்தது. மிஸஸ் பாக்சன் தட்டோடு வந்து நின்றார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இப்ப எனக்கு ஒரு நாற்காலி வேணும்."

மிஸஸ் பாக்சனே ஒன்றை இழுத்துப் போட்டார்.

அந்த வாரம் ஏனோக் தலைமையை விட்டார். ஜூனில் குழு அதே கீதத்தை மறுபடி பாடியது. கிளெமென்ட் இரண்டாவது தாளை எடுத்து வாசித்தார்.