முழங்கால் போகும் தூரம்

கித்தாருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுவதுதான் அதைப் பழுதுபார்க்கும் ஆர்வில் டாக்கெட்டுக்கு வசதி. வாயில் கவ்வியிருந்த டார்ச்சை எடுத்துவிட்டு, தலைமாட்டில் தெரிந்த இரண்டு பாதங்களிடம் கேட்டார்.

"ஏம்மா, டான்ஸ் ஹாலுக்கு இந்த ரப்பர் செருப்போடயா வாசிக்கப் போவீங்க?"

"இல்லங்க, பூட்ஸ்தான். ட்ரக்குல கெடக்கு."

"போய் மாட்டிட்டு வாங்க. அப்புறம் அளக்கலாம்."

பாதங்களுக்கு உரியவர் ட்வைலா, பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ஐம்பது வயதில் பெடல் ஸ்டீல் கற்றுக்கொள்ளும் ஆசை வந்து, ஆரம்பக்காரர்களுக்கான கித்தார் ஒன்றை வாங்கிவிட்டார். மேசை போல நாலு காலில் நிற்கும் வாத்தியம் அது. ஒரு கை தந்திகளின் மேல் இரும்புக் கட்டையை நகர்த்தும், மறுகை மீட்டும், பாதம் மிதிக்கும். அடியில் தொங்கும் நெம்புகோலை முழங்கால் பக்கவாட்டில் தள்ளினால் இரண்டு தந்திகள் அரைச் சுரம் இறங்கும். கேட்பவர் நெஞ்சைப் பிசைவது அந்த இறக்கம்தான். பூட்ஸின் குதி உயரமானால் முழங்கால் நெம்புகோலை வேறு இடத்தில் தொடும். வீட்டில் லேசாக இருந்தது மேடையில் கல்லாகிவிடும். செருப்போடு அளந்து பூட்ஸோடு வாசிக்கும் அந்தத் தவறைச் செய்யாதவர் இந்தப் பருத்திக் காட்டு ஊர்களில் குறைவு.

ஆர்வில் அளப்பது ஐஸ்கிரீம் குச்சியால். நெம்புகோல் புறப்படும் இடத்தில் குச்சியின் நுனியை வைத்து, அது போய் முட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே பெயரும் மாதமும் எழுதி, காப்பித் தூள் டப்பாவில் போட்டுவிடுவார். கடையில் விற்கிற அளவுகோல்மேல் அவருக்கு நம்பிக்கையில்லை. "அது ஊருக்கெல்லாம் ஒரே அளவு சொல்லும். முழங்கால் அப்படியா?" என்பார்.

அவருக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது. வாசித்ததெல்லாம் மனைவி வெர்லீன்தான். நாற்பது வருடம், மண்டபம் மண்டபமாக. போன வருடம் அவருடைய இடது காலில் தொடங்கியது, தசைகளை ஒவ்வொன்றாக ஓயவைக்கிற நோய். பழைய கித்தாரின் இறுக்கமான நெம்புகோல்கள் முழங்காலுக்கு அசையாமல் போனபோது, ஆர்வில் ஓர் ஆரம்பக்காரர் கித்தாரைத் தேடிப்பிடித்தார். மூன்று மிதி, ஒரே ஒரு நெம்புகோல், எல்லாமே லேசு. அதைக் கண்டு பழைய கூட்டாளி ஹெர்ஷல் பிடிலைத் தூக்கிக்கொண்டு வந்த முதல் நாளே சீண்டினார்.

"நாப்பது வருசம் வாசிச்சவளுக்கு அரிச்சுவடி வாங்கிக் குடுத்திருக்கானே."

"ஃபெயிலாயிட்டா கீழ் கிளாஸ்லதானப்பா உக்காரணும்," என்றார் வெர்லீன்.

நெம்புகோலின் அச்சில் ஒரு சிறு இரும்புத் தகடு நிற்கும். அதில் மூன்று துளைகள். தந்தியை அசைக்கும் கம்பியை அச்சுக்குப் பக்கத்துத் துளையில் மாட்டினால் முழங்கால் வெகுதூரம் போகவேண்டும், ஆனால் பாரமிருக்காது. எட்டத் துளையில் மாட்டினால் கொஞ்சம் தள்ளினாலே போதும், ஆனால் பாரம் கூடும். தூரம், பாரம், இரண்டையும் ஒருசேரக் குறைக்க எந்தக் கெட்டிக்காரனாலும் ஆகாது. அக்டோபரில் முதல் துளை. கிறிஸ்துமஸுக்கு முன்பு, வெர்லீன் தூங்கிய ஒரு மத்தியானத்தில், இரண்டாவது. மார்ச்சில் மூன்றாவது, அதுவும் அவரிடம் சொல்லாமலே. பாரம் தெரியாமலிருக்க, தந்தியைப் பழைய இடத்துக்கு இழுக்கும் வில்சுருளையும் ஆர்வில் தளர்த்திக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் தந்தி இறங்கினால் முழுதாக ஏறி வரவில்லை.

"திரும்பி வர்றப்ப தொங்குதே, கேக்கல?" என்றார் வெர்லீன்.

"மலிவு கித்தாரு. அப்படித்தான் இருக்கும்."

மே மாதம் லபக் நகரத்து டாக்டரிடம் வெர்லீன் சொன்னார்: "முழங்கால் அப்படியே நிக்குது டாக்டர். அக்டோபர்ல எப்படித் தள்ளினேனோ அப்படியே தள்ளுறேன்." டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் ஆர்வில் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். துளை மாற்றியதைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. வீடு திரும்பும் நூறு மைலும் வெர்லீன் சீழ்க்கையடித்துக்கொண்டு வந்ததால் அதை விழுங்கிவிட்டார். தான் செய்வது உதவியா, களவா என்று அவருக்கே பிடிபடவில்லை.

ஜூனில் ஒரு ஞாயிறு. தேவாலயம் முடிந்து ஹெர்ஷல் வந்திருந்தார். ஆர்வில் வழக்கம்போல் கித்தாருக்கு அடியில். பாட்டு வரிசை எழுதப் பென்சில் தேடிய வெர்லீன், கருவிப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு புகையிலை டப்பாவைத் திறந்தார். உள்ளே குச்சிகள். எல்லாவற்றிலும் ஒரே பெயர், அவருடையது. ஒன்பது மாதம், ஒன்பது கோடு. மாதம் போகப் போகக் கோடு நுனியை நெருங்கி நின்றது.

வெர்லீன் அவற்றை மடியில் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஹெர்ஷல் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"காத்து ஏறுது. ட்ரக் கண்ணாடிய ஏத்திட்டு வந்துடறேன்."

கதவு சாத்திய பிறகு வெர்லீன் கேட்டார். "நான் எவ்வளவு கொறஞ்சிருக்கேன்னு எழுதி வெச்சிருக்கியா?"

"கித்தாரைத்தான் எழுதினேன் கண்ணு."

"டாக்டர்கிட்ட நான் சொன்னப்ப நீ பக்கத்துலதான் இருந்த."

"இருந்தேன்."

"சீழ்க்கை வேற அடிச்சேன்."

ஆர்வில் டார்ச்சை அணைத்தார். அடியிலிருந்து அவருக்குத் தெரிந்தது அந்த முழங்கால் மட்டும்தான். பாவாடைத் துணி அதன்மேல் தொளதொளவென்று கிடந்தது.

"இப்ப எந்த ஓட்டையில மாட்டியிருக்க?"

"கடைசியில."

"அதுக்கும் மேல ஓட்டை இருக்கா?"

"இல்ல."

வெர்லீன் குச்சிகளை டப்பாவில் போட்டு மூடினார். பிறகு, "மொதல் ஓட்டைக்கு மாத்து. சுருளையும் இறுக்கு. தந்தி சுத்தமா திரும்பி வரணும்," என்றார்.

"வெர்லீன், அப்புறம் உன்னால..."

"மாத்துய்யா."

பத்து நிமிடம் பிடித்தது. வழக்கமாக இரண்டு நிமிட வேலை.

வெர்லீன் கட்டையைத் தந்தியில் வைத்து மீட்டினார். முழங்கால் புறப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு போய் நின்றது. சுரம் முழுதாக இறங்காமல் நடுவிலேயே தொங்கியது. மறுபடி மீட்டினார்.  இம்முறை அவ்வளவுகூடப் போகவில்லை. வெர்லீன் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு, குனிந்து கீழே பார்த்தார்.

ஆர்வில் படுத்தபடியே கையை உயர்த்தி, நெம்புகோலில் முழங்கால் விட்டுப்போன இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

வெர்லீன் மூன்றாவது முறை மீட்டினார். எப்போது தள்ளவேண்டும் என்று ஆர்விலுக்குத் தெரியவில்லை. ஒரு தாளம் பிந்திவிட்டார். வெர்லீன் கட்டையை நகர்த்தாமல், சுரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, அந்தக் கை நெம்புகோலைத் தள்ளி வந்து சேரும்வரை காத்திருந்தார்.