எலுமிச்சம்பழம் நசுங்குவதற்குள்

நெஞ்சுக்குள் வைத்த வால்வில் கோளாறு என்று ஆட்களைத் திரும்பக் கூப்பிடும் வேலைக்கு முதல் தகுதி, கோளாறு என்ற சொல்லையே வாயில் எடுக்காமலிருப்பது. மேலே இருப்பவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்துவிட்டு வயிறெரிந்தவர்களே, நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் நம் கட்சிதான்.

சாதா செக்கப்

பயோமெடிக்கல் இறுதியாண்டு புராஜெக்டுக்காக சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். ஒரு கம்பெனியின் வால்வு சிலருக்குச் சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது என்று தகவல் வந்தது. அது பொருத்தப்பட்டவர்களை எக்கோ ஸ்கேனுக்கு வரவழைக்க வேண்டும். போன் என்னுடைய பொறுப்பு, வசனம் மேலாளருடையது: சாதா செக்கப்தான், வந்துவிட்டுப் போங்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டி ஓட்டும் பழனிசாமியிடம் ஒப்பித்தேன். மூச்சு வாங்குகிறதா என்று நானாகச் சேர்த்துக் கேட்டேன். வாங்குகிறதாம், வெயில் என்று நினைத்தாராம். வெள்ளிக்கிழமை வண்டி மத்தியப் பிரதேசம் கிளம்புகிறது. மழை பிடிக்கும்வரை திரும்பாது. "சாதா செக்கப்தானுங்க மேடம்? அப்ப மழை புடிச்சதும் நானே வாரேனுங்க."

மேலாளரின் அக்கறை

சண்டைக்குப் போனேன். உள்ளதைச் சொன்னால் என்ன? பயந்துவிடுவார்களாம். பயந்தால்தானே வருவார் என்றேன். ரிக் தூசியில், காட்டுக்குள், மாதக்கணக்கில் இருக்கப்போகிற மனுஷனுக்கு அங்கே மூச்சு முட்டினால் யார் பார்ப்பது என்றேன். கல்லூரி விவாத மேடையில் கப் வாங்கிய வாய் இது. அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார். "பேஷண்ட் பயந்தா பிரஷர் ஏறும்மா. பிரஷருக்கு நீ பொறுப்பு, வால்வுக்கு கம்பெனி பொறுப்பு."

வெள்ளிக்கிழமை பூஜை

ரிக் வண்டி வெளியூர் கிளம்புமுன் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடுவார்கள். பழம் நசுங்கிவிட்டால் வண்டியும் ஆளும் பாதியில் திரும்பக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை என் சொந்த போனிலிருந்து பழனிசாமியைக் கூப்பிட்டேன். அவர் மனைவி செல்வி எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து என்றேன். பின்னால் மணிச் சத்தம்.

"பழம் வச்சாச்சு கண்ணு, அப்பறம் பேசறேன்."

"அக்கா, நசுக்க விடாதீங்க. சாதா செக்கப் இல்ல. அவருக்கு வச்ச வால்வுல கோளாறு இருக்கலாம்னு கம்பெனியே சொல்லிடுச்சு. எல்லாருக்கும் இருக்காது. ஆனா அவருக்கு மூச்சு வாங்குது. இன்னைக்கே பாக்கணும்."

மணி நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினார். "இந்த வண்டிக்கு பிரேக்குல கோளாறுன்னு கம்பெனிக்காரன் ஓனர் ஊடு தேடி வந்து சொல்லிட்டுப் போனான். எங்கூட்டுக்காரரு நெஞ்சுக்குச் சொல்ல உங்குளுக்கு வாய் வர்லியா? பழத்தை எடுத்துட்டேன். வண்டி வேற டிரைவரோட போவட்டும், நாங்க பஸ்ஸுல வாரோம்."

சட்டைப்பையில் பழம்

ஸ்கேனில் கசிவு நன்றாகவே தெரிந்தது. வால்வை மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் அன்றே அட்மிட் செய்தார். நசுங்காத பழம் பழனிசாமியின் சட்டைப்பையில் புடைத்துக்கொண்டிருந்தது. மேலாளர் வந்து, பயப்படாதீர்கள் என்று தோளைத் தட்டினார். "இப்ப என்னுங்க சார் பயம்? காட்டுக்குள்ள போயித் தெரிஞ்சிருந்தாத்தான் பயந்திருப்பேன்."

அடுத்த வாரம் போன் வேலையை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்டேன், சாதா மாற்றம்தானாம்.