சேற்றுப்புண் என்று சொன்னேன்

எனக்கு அரித்தது கால்விரல் இடுக்கில் அல்ல. ஆனால் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக்கடையில் நின்றபோது வாயில் வந்தது அதுதான்: "சேத்துப்புண்ணுங்க." கடைக்காரர் மரியாதையான மனிதர். பக்கத்தில் இரண்டு பேர் இருமல் மருந்துக்கு நிற்கும்போது வேறெதைச் சொல்வது? "நல்லாத் தேச்சு உடுங்கக்கா" என்று ஒரு களிம்பைக் கொடுத்தார். தேய்த்தேன். எரிந்த எரிச்சலில் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, இரண்டாவது குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், நர்ஸ் ஆணுறைப் பொட்டலத்தை என் பையில் போட்டு, "அடுத்தது வேண்டாம் கண்ணு, உடம்பு தேறட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாங்களும் சொன்னபடி கேட்டோம். மறுநாளே அரிப்பு, தடிப்பு. லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கிறவள் நான். குனிந்து நிமிர்வதுதான் என் பிழைப்பு. கூட வேலை செய்யும் அக்காவிடம் பூசி மெழுகிச் சொன்னேன். "அது சூடு கண்ணு, வெந்தயத்த ஊற வெச்சுத் தின்னு" என்றாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெந்தயம் தின்றேன். ஏற்காட்டுக் குளிரில் எனக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதாம் சூடு!

சூடு இல்லை என்றால் வேறென்ன? என் புத்தி போகக்கூடாத இடத்துக்குப் போனது. வீட்டுக்காரர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறார். வெளியூரில் தங்குவதும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளியூரில் எங்கள் வீட்டு வாசலில் அவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"ஏனுங்க, யாருகிட்ட வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்தீங்க?"

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் குழாயை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டி, இரண்டு பேரும் ஓய்ந்திருப்போம்.

"நெசமாலுமே கேக்கறியா புள்ள?"

"ஆமாங்க" என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

அடுத்த வாரம், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் சீட்டில் நெளிந்துகொண்டே சேலம் இறங்கி, ஒரு டாக்டரம்மாவிடம் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். பார்த்துவிட்டு, "பலூன் ஊதினா உதடு வீங்குமா?" என்று கேட்டார். மூத்தவளின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதி என் உதடு வடை மாதிரி வீங்கியதும், அன்று முழுக்க வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்ததும் ஞாபகம் வந்தது.

"வீங்குச்சுங்க."

"அப்போ உங்களுக்கு ரப்பர் ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்மா. அந்தக் களிம்பையும் தூக்கிப் போடுங்க."

பரிசோதனையில் தொற்று எதுவும் இல்லை என்று வந்தது. ரப்பர் இல்லாத உறையும் இருக்கிறதாம், எழுதிக் கொடுத்தார். அங்கேயே வாங்கினேன். ஊர் திரும்பும்போது அத்தனை சந்தோஷம் எனக்கு, மடச்சி!

வீட்டுக்காரர் பரிசோதனைக் காகிதத்தைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ரப்பரு மேல சந்தேகம் வர்றதுக்கு முன்னால எம்மேல வந்துச்சு பாரு."

காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "உடு புள்ள" என்றார். விட்டுவிட்டார்தான், என்னையும் சேர்த்து. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? இரண்டு வருடமாக முன்னறையில் பிள்ளைகளோடு படுக்கிறார். காய்கறி வாங்கி வருகிறார், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்கிறார். என் விரல் தவறிப் பட்டால் மட்டும் கையை இழுத்துக்கொள்கிறார். இனி மாறுமென்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் இன்னும் விசாரிக்கிறார்.

"ஏனுங்கக்கா, அந்தச் சேத்துப்புண்ணு ஆறிருச்சுங்களா?"

"நல்லா ஆறிருச்சுங்க."

பொய் இல்லை. அரிப்பில்லை, தடிப்பில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பொட்டலம் பீரோவில் சேலைகளுக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கிறது.