உருளைக்கு அந்தப் பக்கம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. என் அத்தானுக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு, நடந்தது. பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது காது சிவக்கவில்லை, முகம்தான் வெளுத்திருந்தது.

அவருக்கு உலோக ஆய்வுக்கூடத்தில் வேலை. மெக்னீசியமும் லித்தியமும் கலந்த தகடு. கையில் வைத்தால் கனமே தெரியாது. அதைச் சூடாக்கி, இரண்டு உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப நசுக்கி உருட்டினால் உறுதி ஏறும். தகடு எரிந்துவிடாமல் இருக்க, அடுப்புக்குள் ஆர்கான் வாயு ஓடும். இந்தப் பக்கம் ஒருவர் தகட்டைக் கொடுப்பார். அந்தப் பக்கம் இன்னொருவர் இடுக்கியால் வாங்கி, இயந்திரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். 'வாங்கிவிட்டேன்' என்று அர்த்தம். தனியாளாக உருட்டக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது என்பது அங்கே சட்டம்.

அன்று மதியம் 1.05. கூட்டாளியான நெட்டை அண்ணன் சாப்பிடப் போனார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. வெளிக்காற்று பட்டால் தகடு ஆறி ஓரம் வெடிக்குமென்று, அத்தான் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக ஆரம்பித்தார்.

1.12. தகடு உள்ளே போனது. அதை எடுக்க அந்தப் பக்கம் சுற்றிப் போகத் திரும்பினார்.

டக்... டக்.

அண்ணன் வந்துவிட்டார் போல. உருளைக்கு மேலாகத் தகடு திரும்பி வந்தது. வாங்கிச் சூடாக்கி, மறுபடி கொடுத்தார்.

டக்... டக்.

"சாப்பிட்டாச்சாண்ணே?"

கேட்டபடியே குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் யாருடைய காலும் இல்லை...

1.19. கதவுக்கு ஓடினார். உள்பக்கம் திறக்கும் கதவு. இழுத்தார். அசையவில்லை.

தலை சுற்றியது. ஸ்ஸ்ஸ்... என்ற சத்தம் அப்போதுதான் உறைத்தது. ஆர்கான் குழாய் கழன்றிருந்தது. வாசனையே இல்லாத வாயு. மூச்சுக்குக் காற்று குறைந்துகொண்டிருந்தது. அடைக்கும் திருகோ வெளியே.

கத்தினார். குரல் வரவில்லை. பிள்ளைகளை இனிப் பார்க்க முடியாது என்று நினைத்தார்.

டக்... டக்.

உருளையருகே தள்ளாடிப் போய் விழுந்தார்.

1.31. அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கதவைத் தள்ளித் திறந்து தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் அத்தான் அண்ணனிடம் கேட்டார், கதவைத் திறக்க ஏன் இவ்வளவு நேரம் என்று.

"கதவு பூட்டியிருக்கல தம்பி. உள்ளே யாரோ அதுல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. நீதான்னு நெனச்சேன்."

அத்தான் கிடந்ததோ அறையின் மறுகோடியில்.

அண்ணன் மெல்லச் சொன்னார். அத்தான் வேலைக்குச் சேரும் முன்பு, இதே அறையில் ஒருவர் இப்படித்தான் தனியாக உருட்டினாராம். வாயு கசிந்ததாம். கதவுவரை வந்து, அதில் சாய்ந்தபடியே செத்துப்போனாராம். உடம்பு தடுத்ததால், வெளியே நின்று தள்ளியவரால் திறக்க முடியவில்லையாம்.

"யாருண்ணே தள்ளினது?"

"நான்தான். அன்னிக்கும் சாப்பிடத்தான் போயிருந்தேன்."